நகைக்கடைத் தராசில் வெண்ணெய்

என் மகளுக்கு நான்கு வயதானபோது எங்கள் வீட்டுச் சமையல் முழுக்கக் கணக்குப் பாடமாகிவிட்டிருந்தது. அவளுக்கு ஃபிட்ஸ். கீழே விழுந்து கைகால் உதறும் வகை இல்லை. விளையாடிக்கொண்டே இருப்பாள்; திடீரென்று கண் ஒரே இடத்தில் நின்றுவிடும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கொஞ்ச நேரத்தில் எதுவுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து விளையாடுவாள். ஒரே நாளில் பல தடவை இப்படி நடக்கும். மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்காததால், அடையாறில் நாங்கள் பார்க்கும் டாக்டர் கீட்டோ உணவை ஆரம்பிக்கச் சொன்னார்.

உடம்பு இளைப்பதற்காக ஆபீஸ் நண்பர்கள் இரண்டு வாரம் இருந்துவிட்டு பிரியாணியில் முடித்துவைக்கும் கீட்டோ இல்லை இது. ஒவ்வொரு வேளைக்கும் கொழுப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு, மாவுச்சத்து இத்தனூண்டு என்று டயட்டீஷியன் எழுதித் தருவதை கிராம் பிசகாமல் எடை போட்டுத் தர வேண்டும். சோறு, இட்லி, வாழைப்பழம் எதுவும் கிடையாது. இனிப்பு கலந்த இருமல் மருந்துகூடக் கிடையாது. கொடுத்ததை மிச்சம் வைக்கவும் முடியாது. டப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணெயும் கணக்கில் சேர்த்தி என்பதால், கடைசிச் சொட்டுவரை வழித்துத் தின்ன வேண்டும்.

ஆரம்பித்த சில வாரங்களில் ஃபிட்ஸ் நின்றுவிட்டது.

அப்போது இதை இப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. 'நின்றுவிட்டது' என்று வாய்விட்டுச் சொன்னால் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்று பயம். யார் விசாரித்தாலும் "பரவாயில்லை, குறைஞ்சிருக்கு" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்வேன். உள்ளுக்குள் ஒரே கும்மாளம். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது சிரிப்பு வரும். மந்தைவெளி பஸ் நிலையத்தில் தனியாக நின்று சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்றவர் நகர்ந்துபோவதைப் பார்த்து இன்னும் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் அடுத்த பயம் தொடங்கும். இது கெட்டால் என் கையால்தான் கெடும். வெள்ளரிக்காயை எடை போட்டு டப்பாவில் வைத்த பிறகு, சரியாகத்தான் பார்த்தோமா என்று மறுபடி எடுத்து எடை போடுவேன். "அதுக்குள்ள அது வளர்ந்திருக்காது" என்பார் என் கணவர். தெரியும்தான். ஆனாலும் மூன்றாவது தடவையும் போட்டுப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குப் புடவை எடுக்கப் போனோம். நான், மகள், அம்மா, கல்யாணப் பெண். கடையின் முதல் மாடியில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தைமேல் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு அரக்கு, தங்கைக்கு மாந்துளிர்ப் பச்சை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவர் பதவி எனக்கு. இரண்டுமே நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மகள் பையைத் திறந்து, தன் மதிய டப்பாவைத் தானே எடுத்து, மூடியோடு மல்லுக்கு நின்று, கடைசியில் ஜெயித்தும்விட்டாள். டப்பா கவிழ்ந்தது. பனீர் துண்டுகள் விரிப்பில் உருண்டு ஓடின. வெண்ணெய் விரிப்புக்குள் இறங்கியது.

கடைக்காரர் புடவைகளை அள்ளிய வேகத்தை இப்போது நினைத்தாலும் கைதட்டத் தோன்றுகிறது. தங்கை முதலில் மாந்துளிரைக் காப்பாற்றினாள், அப்புறம்தான் அக்கா மகளை.

பதற்றப்படுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு: எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருப்போம். ஐஸ் பொட்டலம் வைத்த இன்னொரு பையில் ஒரு கட்டி பனீர், ஒரு கட்டி வெண்ணெய், ஒரு வெள்ளரிக்காய், ஒரு பிளாஸ்டிக் கத்தி, காலி டப்பா எல்லாம் வைத்திருந்தேன். பெருமையோடு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். கடைசியாகத் தராசுக்காகக் கையை விட்டுத் துழாவினேன். தராசு மயிலாப்பூரில், எங்கள் சமையல் மேடைமேல் இருந்தது.

"கண்ணளவா போடேண்டி" என்றாள் அம்மா. அம்மா சமையலில் எதையுமே அளந்ததில்லை. அவளுடைய ரசம் ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனால் ரசம் தப்பினால் முகத்தைத்தான் சுளிப்பார்கள். இது தப்பினால் மகளின் கண் மறுபடி நின்றுவிடும். வீட்டுக்கே போய்விடலாம் என்று ஆட்டோ கூப்பிட்டேன். செயலியில் வந்த இரண்டு பேர் ரத்து செய்தார்கள். கடை வாசலில் நின்றிருந்த ஆட்டோக்காரரோ, "இன்னாமா, இந்த டிராபிக்ல மயிலாப்பூரா? வண்டிய தலைல தூக்கிக்கினு போனாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பசிக்குது, பசிக்குது என்று மகள் என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தங்கை என்னைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினாள். "அக்கா, எந்தத் தெருவுல நின்னுக்கிட்டுத் தராசு இல்லைன்னு அழற?"

எதிரே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகைக்கடைகள்.

அம்மாவைப் புடவைகளுக்குக் காவலாக விட்டுவிட்டு ஓடினோம். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவர் சல்யூட் அடித்தார். உள்ளே கூட்டம் குறைவாக இருந்த மூக்குத்திப் பகுதியில், டை கட்டிய இளைஞர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு எடை போடணும்" என்றாள் தங்கை.

"பழசா மேடம்? உருக்கிப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

"அது ஏற்கெனவே உருக ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லி, வெண்ணெய்க் கட்டியை வெல்வெட் தட்டில் வைத்தாள்.

அவர் வெண்ணெயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஃபிட்ஸ், டாக்டர், கிராம், பனீர், புடவைக்கடை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், வரிசை தப்பி, பொருட்காட்சியில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி சொல்லி முடித்தேன். பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் குழந்தை இடையில் புகுந்து, "மாமா, பசிக்குது" என்றாள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெல்வெட் தட்டை நகர்த்தினார், வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, "மேனேஜர் வர்றதுக்குள்ள போட்டுடலாம்" என்றார்.

நான் வேதியியல் படித்தவள். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு இருக்கும், மூச்சுவிட்டால்கூட எண் மாறும். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒன்றை நான் தொட்டதே இல்லை. இங்கே அதே மாதிரி கூண்டு, அதே சின்னக் கதவு, புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம். என் வீட்டுத் தராசில் புள்ளியே கிடையாது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகை எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

வெண்ணெய் இருபத்துநாலு கிராம் வேண்டும். முதல் வெட்டில் கொஞ்சம் அதிகம். சுரண்டினேன், குறைந்தது. கத்தி முனையில் தொட்டு வைத்தேன், புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நான்கு அதிகம். மறுபடி சுரண்டப் போனேன்.

"மேடம், தங்கத்துக்கே நாங்க இவ்ளோ பாக்க மாட்டோம்" என்றார் அவர்.

தங்கை மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நேரம் பார்த்து மேனேஜர் எங்கள் பின்னால் வந்து நின்று, எத்தனை கிராம் என்று கேட்டார். நம் இளைஞர் காகிதத்தின் ஓரத்தை மடித்து மறைத்தபடி, "இருபத்துநாலு சார்" என்றார். மேனேஜருக்குப் பரம திருப்தி. பிடித்திருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன், பொய்யே இல்லாமல். அவர் நகர்ந்ததும் பனீர், வெள்ளரிக்காய் இரண்டும் கூண்டுக்குள் போய்வந்தன. மூக்குத்தி பார்க்க வந்த பெண்மணி ஒருவர், இது என்ன புது வழக்கம் என்று எட்டிப் பார்த்தார்.

"சேதாரம் எவ்ளோ போடட்டும் மேடம்?" என்று இளைஞர் சிரிக்காமல் கேட்டார்.

"இதுல சேதாரமே கூடாது" என்றேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் சொல்லும்போதே இதுதான் நிஜம் என்று பட்டது. தட்டில் ஒட்டினாலும் வீண், விரலில் ஒட்டினாலும் வீண், எல்லாம் குழந்தைக்குள் போக வேண்டும் என்று விளக்கினேன். அப்படியா என்றவர், காலி டப்பாவைத் தராசில் வைத்து அதன் எடையைக் குறித்துக்கொண்டார்.

மகள் உயரமான நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டாள். இதற்கிடையில் கடைப் பையன் வாடிக்கையாளர்களுக்கான பாதாம் பாலைக் கொண்டுவந்து, குழந்தை முன்னால் ஒன்று வைத்தான். மகள் கை நீட்டுவதற்குள் தங்கை அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். எனக்கு வந்ததையும், சந்தேகமே வேண்டாமென்று, குடித்தாள். கல்யாணப் பெண்ணுக்குத் தெம்பு வேண்டாமா என்று வேறு கேட்டாள்.

சாப்பிட்டு வழித்து நக்கிய டப்பாவை இளைஞர் தராசில் வைத்தார். முன்பிருந்ததைவிடத் துளி அதிகம் காட்டியது. அது வெண்ணெயா, எச்சிலா? வெண்ணெயென்றால் கணக்கு குறைகிறதே என்றேன்.

"எச்சில்தான். எச்சில்ல மாவுச்சத்து கிடையாது, நீ படிச்ச பாடம்தானே" என்றாள் தங்கை.

நான் சிரித்துக்கொண்டே டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்தேன். கிளம்பலாமா கண்ணா என்றேன். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

மகளின் கால் ஆட்டம் நின்றிருந்தது. கண் ஒரே இடத்தில். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை. தங்கையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நாலு மில்லி கிராம், எச்சில், நேரம் தவறிய சாப்பாடு, எதில் பிசகினேன் என்று மனசு பின்னால் ஓடத் தொடங்கிவிட்டது. குனிந்து அவள் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன்.

மகள் என் கன்னத்தில் கையை வைத்து என்னை ஓரமாகத் தள்ளினாள்.

"மறைக்காதம்மா. அந்த மாமா அழப்போறாரு."

திரும்பினேன். அடுத்த மேஜையில் தாடி வைத்த வாட்டசாட்டமான ஆள் ஒருவர் காது குத்திக்கொள்ள உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி இன்னும் கிட்டேகூட வரவில்லை.

என் மகளுக்கு ஒன்றுமில்லை. நான் கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. வேடிக்கை நன்றாயிருந்ததால் என்னை மதிக்கவில்லை, அவ்வளவுதான். தங்கை என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை, எனக்கே இரண்டும் வந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு மேடம்?" என்றார் இளைஞர்.

"ஒண்ணுமில்லை. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா."

"எங்க வீட்லயும் அப்படித்தான் மேடம்" என்றார், வெண்ணெய்ப் பிசுக்குப் போகத் தராசைத் துடைத்துக்கொண்டே. "நாமளா கத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

அது எவ்வளவு நல்ல வார்த்தை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆசையாக இருந்தது, இன்னொரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இந்தத் தடவையும் திரும்பவில்லை.