பொம்மைக்கு முன்னால் அணைத்த கற்பூரம்

என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு மாடு பார்க்கப் போனவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் கை தயங்கும். பிழை கண்டால் மனதுக்குள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு முன்னால் நாலு வார்த்தை பேச எனக்கு நா எழாது. அதனால்தான் கடதாசியில் பேசுகிறேன்.

போன கிழமை சங்கக்கடைச் சுவரில் யாரோ விளம்பரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கோதுமை மாவில் காய்ச்சிய பசை, பழசாக இருக்க வேண்டும், புளித்து மணந்தது. சீனி வாங்கப் போனவன் அந்த மணத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அது சமாதானத்தின் மணம். சிரிக்காதீர்கள், சமாதானம் என்பவளை நான் நேரிலே கண்டிருக்கிறேன். பழைய பேப்பரையும் கோதுமைப் பசையையும் பிசைந்து செய்த தலை, சிவப்புச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. முழங்கை உயரம் இருப்பாள்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல், வன்னியில் முரசுமோட்டைக்குக் கிழக்கே காடு வெட்டிக் கொடுத்த குடியேற்றத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசிப் பக்கம். எங்களுக்கும் கீழே ஒரே ஒரு வயல், நாகம்மா மாமியுடையது. மாமி புருசனை இழந்தவர். மண்வெட்டியைத் தானே தூக்குவார். குளத்துத் தண்ணீர் மேல்வயல்களைத் தாண்டி எங்களிடம் வந்து சேரும்போது தவளை நனைகிற அளவுதான் மிஞ்சும். கோடையில் விதைக்கிற அந்தச் சிறுபோகத்தில் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே உருண்டு வெளியே வரக் காத்திருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் வருவது நெல் அல்ல, அரிசி இல்லாத வெறும் சப்பி.

வாய்க்கால் பிரிகிற இடத்தில் மேல்வயல்காரர் பலகை போட்டு மறிப்பார்கள், நாங்கள் போய்ப் பிடுங்குவோம். கடைசியில் எங்கள் பக்கத்து ஆண்கள் முறை வைத்துப் பலகையடியில் காவல் இருந்தார்கள். மண்டைகள் உடைந்த பிறகு மேலிடத்துக்குக் கதை போனது. மேலிடம் தண்ணீரை அனுப்பவில்லை. பொம்மலாட்டம் அனுப்பியது.

கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்தவர் ஒரு மூக்குக் கண்ணாடிக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நீலத் துணி கட்டி, அதற்கு முன்னால் நின்று பேசினார். ஏசுநாதர் பிறப்பதற்கும் முந்திய கிரேக்க தேசத்துப் பகிடிக் கதையாம். அங்கேயும் எங்களைப் போல வயல் செய்கிற கமக்காரர் இருந்தார்களாம், அங்கேயும் சண்டையாம். "உங்களைப் போன்ற எளிய உள்ளங்களுக்கு ஏற்றபடி தமிழில் அமைத்திருக்கிறோம்" என்றார். எளிய உள்ளங்கள் நிலத்தில் இருந்தோம். ஓவசியர், அதாவது வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், முன்னுக்குக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

சண்டையில் அலுத்த ஒரு கமக்காரன் வானத்துக்குப் போய் முறையிட நினைக்கிறான். ஏறிப்போக ஒரு சாணக வண்டைத் தீனி போட்டு வளர்க்கிறான். இதுதான் கதை. கமக்காரப் பொம்மைக்கு வாய் காது வரை கிழிந்திருந்தது, பல் இரண்டு வெளியே. எங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். வண்டுக்குப் பழைய குடைத்துணியில் செட்டை. அது உருண்டை உருண்டையாகச் சாணகம் தின்ன, கண்ணாடிக்காரர் திரைக்குப் பக்கத்தால் தலையை நீட்டி நாங்கள் சிரிக்கிறோமா என்று பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்த கந்தையா அண்ணைதான் வாய் திறந்தார். "உவ்வளவு சாணகத்தையும் வயலுக்குப் போட்டிருந்தால் விளைஞ்சு கொட்டியிருக்கும். உவன் என்ன கமக்காரன்."

கொட்டகை சிரித்தது. கண்ணாடிக்காரர் அது தனக்கென்று நினைத்துக் கும்பிட்டார்.

வண்டில் ஏறிப் போனால் வானத்தில் தேவர் ஒருவரும் இல்லை, வீடு மாறிப் போய்விட்டார்களாம். சமாதானத்தை ஒரு கிடங்கில், ஆழக் குழியில், போட்டுக் கல்லால் மூடியிருந்தது. அவளை இழுத்தெடுக்கிற கயிற்றின் நுனியைத் திரைக்கு வெளியே எறிந்து, "ஊர் மக்களே இழுக்க வேண்டும்" என்றார் கண்ணாடிக்காரர். அது என் மடியில் வந்து விழுந்தது. மாட்டேன் என்று சொல்லவும் வெட்கம், இழுக்கவும் வெட்கம். காது கொதிக்கக் கொதிக்க, கிணற்று வாளியைத் தூக்குகிறவன் மாதிரி இழுத்தேன்.

சிவப்புச் சேலையும் பொட்டுமாக அவள் கிடங்கிலிருந்து எழும்பினாள். எனக்குப் பின்னால் சத்தம் அடங்கிப்போனது. திரும்பிப் பார்த்தால் நாகம்மா மாமி தலைக்கு மேலே கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண் எழும்பி வந்தால் எங்கள் பக்கத்தில் அவளுக்கு ஒரு பெயர்தான், அம்மாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழும்பிக் கும்பிட்டோம். கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்தார். தன் கலையை எண்ணித்தான்.

கோயிலுக்குப் போகவென்று மாமி சேலைத் தலைப்பில் கற்பூரம் முடிந்து வைத்திருந்தார். அதை ஒரு சிரட்டையில் வைத்துக் கொளுத்தி, ஓவசியரின் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

"ஓவசியர் ஐயா, அம்மாள் எழும்பி வந்திருக்கிறா. கடைசி வயலுக்குத் தண்ணி விடுவன் எண்டு இதை அணைச்சுச் சொல்லுங்கோ."

"என்னணை இது, பொம்மையெல்லோ."

"அப்ப பயமில்லைத்தானே. அணையுங்கோ."

ஓவசியர் கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். எழும்பி, சிரித்தபடியே உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்தார். "திங்கள் விடியத் தண்ணி வரும். சரியோ?"

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேலே எங்களுக்குச் சொல் கிடையாது. அன்றைக்கே எங்கள் காவல்காரர் பலகையடியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திங்கள் வரைக்கும் காவல் இருந்தால் என்ன என்று நான் மெதுவாகக் கேட்டேன். என் தகப்பன் பாய்ந்தார்.

"சத்தியம் பண்ணின பிறகும் காவலோடா? அம்மாளை நம்பேலை எண்டு ஊருக்குக் காட்டப் போறியோ?"

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு நன்றாக வருகிற வேலை அதுதான்.

திங்கள் விடிந்தது, தண்ணீர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போய்ப் பார்த்தால் பலகையை ஆணி வைத்து அடித்து, களிமண் அப்பியிருந்தது. அடித்தவர்களும் கொட்டகையில் எங்களோடு நின்று கும்பிட்டவர்கள்தான். கேட்டதற்கு, "நாங்களோ சத்தியம் பண்ணினது? ஓவசியரெல்லோ" என்றார்கள். அம்மாளுக்கு முன்னால் செய்த சத்தியத்திலேயே இடுக்குப் பார்த்து நுழைந்தவர்கள்.

ஓவசியர் தன் வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "அது நாடகத்திலை செய்தது. கோயிலிலையோ செய்தனான்?"

"பொம்மை பொய்தான்" என்றார் மாமி. "உங்கடை கையைச் சுட்ட நெருப்பும் பொய்யோ?"

அவர் கோப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கதிர் வந்தது. வெள்ளையாக, நிமிர்ந்து, உள்ளே ஒன்றுமில்லாமல். நாங்கள் மாட்டை இறக்கி மேயவிட்டோம். மாமி அடுத்த போகம் வரைக்கும் பொறுக்கவில்லை. தமையன் வீட்டில் சோற்றுக்கு நிற்க யாழ்ப்பாணம் போனார். கலையால் வன்னிக் கமக்காரரின் பகை தீர்ந்தது என்று கண்ணாடிக்காரர் பேப்பரில் எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பேப்பரையும் யாராவது பசையில் பிசைந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வாய்க்காலில் ஒருவரும் தண்ணீருக்காகக் கற்பூரம் அணைத்ததில்லை, அணைக்கச் சொல்லிக் கேட்டதுமில்லை. ஓவசியர் மாறி ஓவசியர் வருகிறார்கள், வாக்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் தலையாட்டிவிட்டு மண்வெட்டியோடு காவலுக்குப் போகிறோம். மேல்வயல்காரரும் எதிர்க்கரையில் மண்வெட்டியோடு இருக்கிறார்கள். ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாததால் இப்போது சண்டையும் இல்லை. கண்ணாடிக்காரர் கொண்டுவந்த சமாதானம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மாசி மாதம், இரண்டாம் புதன்கிழமை, மத்தியானம்.