தங்கச்சிக்கு அரிப்பு, எனக்குப் பத்தியம்

வயசாகித் தலை வழுக்கையாகிவிட்டது, பள்ளிக்கூட நாளில் வந்த இந்தக் கோபம் மட்டும் உதிரவில்லை.

தங்கச்சிக்கு ரத்தப் புற்று. சென்னை ஆஸ்பத்திரியில் என் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். "அண்ணன்தான் காப்பாத்தினான்" என்று எங்கள் ஊர் வடசேரிச் சந்தை முழுக்கப் பேச்சு. நானும் காய்க்கடைகளுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தேன். பாவம், என் பெருமைக்கு ஆயுசு கம்மி.

சென்னையிலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அவள் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. காதோரமும் கழுத்திலும் தடிப்பு. அரிப்பு தாங்காமல் அழுதாள். அப்பா டாக்டருக்குப் போன் போட்டார். அண்ணனுடைய அணுக்கள் அவள் தோலை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகின்றன, இரண்டு நாளில் கூட்டி வாருங்கள் என்றாராம். அதை அப்பா அத்தையிடம் சொன்னார். வந்தது வினை.

"நான் அப்பமே நினைச்சேன். பள்ளிக்கூடத்துல ஒருத்தன விட்டு வச்சிருக்கானா இவன்? அடிதடி ரத்தம்லா! மொதல்ல சூட்ட தணிக்கணும்."

யாருக்கு? எனக்கு! அவளுக்குத் தோல் உரிய, எனக்குத் தலை நிறைய எண்ணெய், காலையில் நீராகாரம், மத்தியானம் மோர்ச்சோறு. மற்ற எல்லாருக்கும் நெத்தோலி வறுவல்.

"எனக்க உடம்ப விட்டுப் போன ரத்தத்துக்கு, நான் மீன் திங்கது எப்பிடித் தெரியும்?"

"வாயப் பாரு. அதுவும் சூடுதான்" என்றாள் அத்தை.

கொடுத்தவனைப் பட்டினி போடும் ஊர் வேறெங்காவது உண்டா?

தங்கச்சியும் அத்தை கட்சி. உரிந்த கையை என் முன்னால் நீட்டினாள். "அண்ணே, நீ சொன்னா அது கேக்கும்லா? அடிக்காதன்னு சொல்லு."

மானத்தை விட்டு அந்தக் கையிடம் குனிந்தேன். "ஏலே, போதும்ல. எனக்க தங்கச்சிலே!"

சிரித்தாள். அரிப்பு நிற்கவில்லை.

சென்னையில் டாக்டரைப் பார்த்ததுமே அத்தை மீது புகார் கொடுத்தேன். "பையனுக்கு மீன் குடுங்கம்மா" என்றார். நல்ல மனுஷன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கச்சி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "லேசா வந்தது ஒருவகையில நல்லதும்மா. தோலைச் சீண்டுற இதே செல்தான், எங்கயாவது ஒளிஞ்சிருக்கிற புற்றையும் தேடி அடிக்கும். தோலை நாங்க மருந்தால அடக்கிடுவோம்."

அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. தங்கச்சியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்குத் தோல் உரிகிறது, அதற்கு ஒரு தாய் சந்தோஷப்படுவாளா?

ரயில் நாகர்கோவில் வந்து சேரும்வரை அம்மாவோடு நான் பேசவில்லை.