மேகலா போட்ட கோட்டா

2006 ஆயுத பூசைக்கு அடுத்த வாரம் என் தங்கை மேகலா போனில் சொன்ன செய்தியால் மஸ்கட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எல்லோருடைய ஃபைல்களும் இருக்கும் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த மாதம் முடிந்தால் நிரந்தரமாகும். “இன்னொரு தடவ சர்வர் நின்னா நீ நிக்க மாட்ட” என்று மேனேஜர் பூபதி சொல்லிவிட்டாராம்.

சர்வர் நின்றது பூசையால். மெஷின்களுக்கு மாலை போட்டதையும் பூசணிக்காய் உடைத்ததையும் கம்பெனியின் புது டிஜிட்டல் கேமராவில் எடுத்திருந்தார்கள். பொரிப் பொட்டலம் போல ஆளுக்கொரு காப்பி எடுத்து, சர்வரில் அவரவர் பெயரிலிருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். டிஸ்க் நிரம்பியது. அச்சுகள் செய்யும் டூல் ரூமில் ஒரு வரைபடமும் சேவ் ஆகவில்லை.

மேகலா கோட்டா போட்டாள். ஒருவருக்கு இவ்வளவு இடம்தான், மீறினால் சர்வர் வாங்காது. டூல் ரூம் ஆஞ்சப்பன் நேரே அவள் அறைக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, ஆளுக்கு இத்தினின்னு அளந்து ஊத்த இதென்னா மண்ணெண்ணெயா?”

“உங்க இடம் பூராவும் பூசணிக்காய்தான் இருக்குது, ஆஞ்சப்பண்ணா.”

“பூசணிக்காய்க்குப் பின்னால நிக்கறது என் லேத்தும்மா! வீட்ல காட்ட வேணாமா?”

சத்தம் கேட்டு வந்த பூபதி, கோட்டாவை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். ஆனால் ஒரு ஏற்பாடு செய்தாள்: படங்கள் ஒரே ஒரு காப்பி பொது இடத்தில் இருக்கும், மற்றதைச் சாயங்காலத்துக்குள் எல்லோரும் அழித்துவிட வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே அழித்தார்கள். மறுநாள் காலை பூபதியிடம் சொல்லிவிட்டு கோட்டாவை மறுபடி போட்டாள்.

சற்று நேரத்தில் ஆஞ்சப்பன் திரும்பி வந்தார். பின்னால் பூபதி.

“எல்லாத்தயும் அழிச்சிட்டன். இன்னும் இடமில்லன்னுது. டை அச்சு வரைபடம் இன்னிக்கே பெங்களூரு போவணும்.”

மேகலா பார்த்தாள். அவருடைய இடம் காலியாகத்தான் கிடந்தது. சர்வரோ நிரம்பியிருக்கிறது என்றது. அப்போதுதான் உறைத்தது. கோட்டா இல்லாத நேரத்தில் யார் எதை அழித்தார்கள் என்று சர்வர் கவனிப்பதில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போனபோது வெளியேறியவர்களை, இன்னும் உள்ளேயே இருப்பதாக அவர் நினைப்பது மாதிரி.

“தப்பு என்னுது சார். திரும்பப் போடறதுக்கு முன்னாடி சர்வரை எல்லாத்தையும் புதுசா எண்ண வெச்சிருக்கணும். அப்ப யாரும் சர்வரைத் தொடக்கூடாது.”

“எவ்ளோ நேரம்?”

“சாப்பாட்டு நேரம் போதும் சார்.”

பூபதி ஆஞ்சப்பனைப் பார்த்தார். “ஒருத்தர் விடாம கேன்டீனுக்கு வெரட்டு.”

“வெரட்டறன் சார். சோத்துக்கும் கோட்டா போட்டுடாதம்மா!”

மணி அடித்ததும் கம்ப்யூட்டர்களை விட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். கோட்டாவை எடுத்தாள், எண்ண வைத்தாள், மறுபடி போட்டாள். மோர்சாத வாசனையோடு திரும்பிய ஆஞ்சப்பன் நின்றபடியே ஒரு தட்டு தட்டினார். வரைபடம் சேவ் ஆனது. மாலைக்குள் பெங்களூருக்குப் போயும் சேர்ந்தது.

பூபதி வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் அறை வாசலில் நின்றாராம். “எனக்கும் கோட்டா இருக்குதா?”

“உங்களுக்குத்தான் சார் மொதல்ல போட்டன்.”

சிரித்துவிட்டாராம்.

“சிரிச்சா ஆச்சா? நிரந்தர ஆர்டர் கைக்கு வந்துச்சா?” என்று அடுத்த போனில் கேட்டேன்.

“வரும்ணா. அடுத்த வருசம் பூசைப் படத்தை எங்க வெக்கறதுன்னு என்னத்தான் பிளான் போடச் சொல்லியிருக்காரு.”