துரை ஜீப்பைவிட ஒரு சாண் உயரம்

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு பிக்கப் இருந்தது. பிக்கப் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். ராகலையில் மற்றவர்கள் அதை 'வயித்தத் தேய்க்கிற வண்டி' என்றார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், இரண்டு மூன்று பேர் ஓட்டி அலுத்துப்போன பிறகு என் தலையில் கட்டப்பட்ட ஜப்பான் வண்டி அது. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்சும் ஏற்றி நுவரெலியா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவேன். லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இரண்டு மைல் தோட்டத்துப் பாதை, முழுக்கக் கல்லும் பள்ளமும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோய், ஒவ்வொரு கல்லிலும் வண்டியின் அடிவயிறு இடிக்கும்.

ஆனால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்று ஆனது அந்த இடிக்காக அல்ல. என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளையை நாங்கள் இழந்திருந்தோம். வலி வந்தவளைத் தோட்டத்து லொறியில் ஏற்றி அதே பாதையில்தான் இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. லொறி குலுக்கியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். இந்த முறை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குலுங்காம கொண்டுபோயிருங்க. அது போதும்."

"ஒனக்காகத்தானே புள்ள ஸ்பிரிங்கே மாத்துறேன்" என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

அதன்பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்தது. தையற்காரர் டேப் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று வாரமாக, வழியில் நின்ற வண்டிகளுக்கு அடியிலெல்லாம் ஸ்பிரிங் உயரம் அளக்கப் புகுந்தேன். பஸ்ஸுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்துவிட்டு, யாரோ அடிபட்டுச் செத்துவிட்டான் என்று கண்டக்டர் அலறினார். இன்னொரு நாள் தோட்டத்து மேனேஜரான துரையின் ஜீப்புக்கு அடியில் கிடந்தபோது தோட்டத்து வாச்சர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"என்னத்தடா கழட்டுற?"

"அளக்குறேண்ணே."

"தொர வண்டிய நீ ஏண்டா அளக்குற?"

அதற்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. துரையின் ஜீப்பைவிட என் வண்டி உயரமாக நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. என் அப்பாவும் அம்மாவும் அந்த ஜீப்பைக் கண்டால் பாதையோரம் ஒதுங்கி நின்றவர்கள். அதையே காரணமாகச் சொல்லலாம்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால், வெறும் பவுசு.

ராகலையில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக்கை 'பாஸ்' என்போம். அவர் இரண்டு செட் எடுத்துப் போட்டார். ஒன்று மெல்லிய, நீளமான பட்டைகள். மற்றது உடைந்த லொறியிலிருந்து கழற்றிய தடித்த பட்டைகள்.

"மல்லி, நீளத்தப் போடுங்க தம்பி. சக்கரம் பள்ளத்துல எறங்கும், கல்லுல ஏறும், மேல இருக்கிற ஆளுக்குத் தெரியாது. லொறிப் பட்ட பாரம் இருந்தாத்தான் வளையும். வெறும் வண்டின்னா ஒதைக்கும்."

"எது ஒசரமா நிக்கும் பாஸ்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "லொறிது."

அவ்வளவுதான். லொறிப் பட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு மூட்டைக் கிழங்கோடு இறங்கினால் வண்டி தொட்டில் மாதிரிப் போனது. மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். வெறும் வண்டியாகத் திரும்பி ஏறும்போது பல்லெல்லாம் கிட்டியது. ரோட்டைத் திட்டினேன். அதே ரோட்டில்தான் காலையில் சொகுசாக இறங்கினேன் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. துரையின் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு சாண் உயரம்.

அவளுக்கு வலி வந்தது ஒரு காலையில், பெரட்டு நேரத்தில். ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்தக் களம் எங்கள் லயத்துக்குக் கீழே, பாதையோரம்தான். அவளை முன்சீட்டில் ஏற்ற வேண்டியிருந்தபோதே உயரத்தின் அருமை தெரிந்தது. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். முதல் பள்ளத்தில் வண்டி உதைத்தது. இரண்டாவதில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நிறுத்துங்க! என்னைய எறக்குங்க. நான் நடந்தே போறேன்."

களத்துக்கு எதிரில் நிறுத்தினேன். அவள் இறங்கிப் பாதையோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் அந்தப் பழைய பயம். இத்தனை பேர் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் டயரை எட்டி உதைத்தேன். அவள்தான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"மூட்ட ஏத்துனா ஆடாதுன்னு சொன்னீங்கல்ல? மூட்டைய ஏத்துங்க."

அன்றைக்குப் பார்த்து ஒரு மூட்டைகூட இல்லை. களத்திலிருந்து கங்காணி வந்தார். நான் விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன மூட்டடா வேணும்?"

"பன்னெண்டு."

அவர் திரும்பி, "பன்னெண்டு பேரு ஏறுங்க!" என்றார்.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் ஏறினார்கள். "ஏறுறவங்களுக்கு இன்னைக்கிப் பேரு இல்ல!" என்று பேர் பதியும் கண்டாக்கு ஐயா கத்தினார். பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. யாரும் இறங்கவில்லை. ஒல்லியான அக்கா ஒருத்தி, "நான் அர மூட்டதான், என்னையும் போட்டுக்க தம்பி" என்று பதின்மூன்றாவதாகத் தொற்றிக்கொண்டாள்.

பட்டைகள் வளைந்தன. வண்டி அமுங்கி, வழுக்கிக்கொண்டு போனது. மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். "மெதுவாடா, மெதுவா!" என்று பின்னாலிருந்து நுவரெலியா வரைக்கும் திட்டு விழுந்தது. ஒவ்வொரு திட்டுக்கும் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தேன். மத்தியானம் மகள் பிறந்தாள். அழுதுகொண்டே பிறந்தாள் என்று நர்ஸ் சொன்னார். நானும் அழுதேன்.

அந்த வாரமே பாஸிடம் போய் நீளப் பட்டைகளைப் போட்டேன். அவர் சிரித்தார். வண்டி துரையின் ஜீப்பைவிடத் தாழ்ந்தது. மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவந்த நாளில் தோட்டத்துப் பாதையில் ஒரு குலுக்கல் இல்லை. பாராட்டுவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் பின்னால் திரும்பி, அன்று அந்தப் பெண்கள் ஏறியிருந்த காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

களத்துக்கு எதிரில் நிறுத்தச் சொன்னாள். அந்தி நேரம், கொழுந்து எடை போட்டுவிட்டு எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். பிள்ளையை வாங்க நான் கையை நீட்டினேன். ஆஸ்பத்திரியில் பயந்துகொண்டு நான் இன்னும் தூக்கியிருக்கவில்லை.

"இருங்க" என்றாள். "மொதல்ல அவங்க தூக்கட்டும்."

பதின்மூன்று பேர் கையும் மாறி, கடைசியாகத்தான் மகள் என் கைக்கு வந்தாள்.