ஜேட்டுவின் காரும் நான் தொட்ட செயினும்

"கரண்டி பிடிக்கத் தெரியாதவ ஸ்பேனர் பிடிக்கப் போறாளாம்" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அடுப்படியிலிருந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வழியிலும் சரி, அப்பா வழியிலும் சரி, பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். எனக்கு வராத வேலை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் மூக்கு விடைத்துக்கொள்ளும். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான்.

சென்ற மாதம் ஒரு காலை, சால்ட் லேக்கில் இருக்கிற ஆபீசுக்குப் போக வாடகைக் காரில் ஏறினேன். டிரைவர் சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு சத்தம், தகர டப்பாவில் சோழியைப் போட்டுக் குலுக்கியதுபோல. இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிட்டது. அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏழு வருஷத்துக்கு முந்தைய ஓர் எண்ணெய் வாடையை முகர்ந்துகொண்டிருந்தேன்.

அது கரி மாதிரி கறுத்த எஞ்சின் எண்ணெயின் வாடை. அப்பாவின் வாடை என்று சொன்னாலும் தப்பில்லை. துணி சோப்புத் தூளோடு சர்க்கரையைக் கலந்து கையைத் தேய்ப்பார். கறை போகும், வாடை போகாது. துறைமுகத்து அதிகாரி ஒருவருக்கு டிரைவராகச் சென்னையிலிருந்து வங்காளத்துக்கு வந்தவர் அவர். அதிகாரி மாற்றலாகிப் போனார், அப்பா போகவில்லை. பெஹாலாவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும். மாடியில் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அப்பாவைவிட மூத்தவர் என்பதால் எனக்கு ஜேட்டு, அதாவது பெரியப்பா முறை. எங்கள் வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் அவருடைய நீலக் கார் நிற்கும். பள்ளிக்கூடம் போகக் கிளம்பினால் அதன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு போவேன்.

அப்பாவுக்கு எந்த மொழியிலும் படிக்க வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்தில் நான்கு கார்களின் பானெட்டாவது திறந்திருக்கும். "மணிதா, ஏக்டு ஷுனே ஜான்" என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். மணி அண்ணா, கொஞ்சம் வந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். அப்பா போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவார். எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அவர் தொட்ட இடத்தில்தான் பழுது இருக்கும். பிழைக்க வந்த ஊரில் அவருக்கு இருந்த பெயர் அது ஒன்றுதான்.

ஜேட்டுவின் காரில் அந்தச் சோழிச் சத்தம் வந்தபோதும் அப்பாதான் சொன்னார், டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்று. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கீழே, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு மேலே. இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது அந்தச் செயின். தாளம் பிசகினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். நவராத்திரிப் பூஜைக்குத் தன் மனைவி ஜேட்டிமாவை அவர் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும், அதற்குள் முடியுமா என்று ஜேட்டு கேட்டார். வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்றார் அப்பா. நான் அந்த எஞ்சினுக்கான ஆங்கிலக் கையேட்டைத் தேடிப் பிடித்து அச்சடித்துக்கொண்டு வந்து நின்றேன். அம்மா கரண்டியைப் பற்றிச் சொன்னது அப்போதுதான்.

ஒரு பகல் முழுக்க வேலை. அப்பா பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திக் கண்ணிகளை எண்ணினார், சக்கரங்களில் சாக்பீஸால் கோடு போட்டார், மாட்டினார். பிறகு ஸ்பேனரை வைத்து எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். கையில் எதுவும் முட்டவில்லை. இருட்டிவிட்டதால் செயின் கவரை மூடாமல் சுத்தமான துணி போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். மறுநாள் விஸ்வகர்மா பூஜை, நம் ஆயுத பூஜை மாதிரி. இந்த ஊரில் அன்றைக்குக் கருவியைத் தொடுகிறவர்கள் கிடையாது. அப்பாவும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர்களைத் துடைத்துப் பலகையில் அடுக்கிக் குங்குமம் வைத்துவிட்டு, டாக்சி ஸ்டாண்டுப் பூஜையில் கிச்சடி சாப்பிடப் போய்விட்டார்.

பூஜை நாள் என்பதால் வானம் கொள்ளாமல் பட்டம். மொட்டை மாடிகளில் ஒரே கூச்சல். நான் மட்டும் துணியை விலக்கிவிட்டுக் கையேட்டுப் படத்தோடு எஞ்சினை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதிய செயினில் சில கண்ணிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது. படத்தில் அவை சக்கரத்துப் புள்ளிகளுக்கு நேராக இருந்தன. இங்கே எங்கேயோ இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அப்பா தப்புச் செய்துவிட்டார், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

குங்குமம் வைத்த ஸ்பேனரை எடுத்தேன். செயினைத் தளர்த்திக் கழற்றினேன். மேல் சக்கரம் தானாக ஒரு துள்ளு துள்ளியது. அதை இழுத்துப் பிடித்து, கண்ணில் பட்ட புள்ளிக்கு நேராக மஞ்சள் கண்ணியை வைத்து மாட்டினேன். ஸ்பேனரைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துப் புதுக் குங்குமமும் இட்டேன். அவ்வளவு நேர்த்தி.

மறுநாள் காலை அப்பா கவரை மூடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்றார்.

"எதையாச்சும் தொட்டியாம்மா?"

"இல்லப்பா."

"இன்னொரு தரம் கையால சுத்திப் பாத்துரலாமா?"

"அன்னைக்கே சுத்தியாச்சேப்பா. ஜேட்டு காத்திட்டிருக்காரு."

படித்தவள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார். எல்லாம் பூட்டியபின் சாவியைத் திருப்பினார். இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் ஒன்று கேட்டது. எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது.

திரும்பக் கழற்றியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சாக்பீஸ் கோடு ஒரு பக்கம், செயின் ஒரு பக்கம். என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்குள் ஜேட்டு செய்தித்தாளும் கையுமாக இறங்கி வந்து நின்றார், பின்னால் சந்தில் இருந்து நான்கு பேர். என்ன ஆச்சு மணி என்று கேட்டார். அப்பா தன் அரைகுறை வங்காளத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு, என் கைத் தப்பு அண்ணா, வால்வு வளைந்துவிட்டது என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் கையேடு இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

"தாக் மணி, தாக்" என்றார் ஜேட்டு. விடு, போகட்டும் என்று அர்த்தம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. காரை ஒரு வண்டி வந்து இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு ஒருநாள் கையேட்டைப் புரட்டினேன். படத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது: கையால் சுற்றியபின் வண்ணக் கண்ணிகள் பழைய இடத்துக்குத் திரும்பி வரவேண்டியதில்லை, சக்கரத்துப் புள்ளிகள் நேராக இருந்தால் போதும். சக்கரத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு, எது எதற்கு என்றும் இருந்தது. எங்கள் வம்சத்தில் முதன்முதலில் படித்தவள் பக்கத்தைத் திருப்பவில்லை. அப்பாவுக்கோ அந்தப் பக்கம் தேவையே இருக்கவில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. சண்டை எதுவும் இல்லை. டீ குடிக்கக் கூப்பிடுவார்கள், சிரிப்பார்கள், பானெட்டை மட்டும் அவர் முன்னால் திறக்க மாட்டார்கள். அவரும் அந்த நாளைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. செயினைத் தொட்டது நான் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் படிப்பை முடித்தேன், வேலைக்குப் போனேன், என் முதல் அடையாள அட்டையை அப்பா சந்து முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்.

இப்போது அந்த வீடு இல்லை. இடித்து ஐந்து மாடி எழுப்பிவிட்டார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். சந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் பானெட்டைத் திறப்பதில்லை. கார்களெல்லாம் அடித்தளத்தில் நிற்கின்றன. அப்பா நடந்துபோகும்போது ஏதாவது வண்டி கிளம்பினால் காதைக் கொடுப்பதில்லை, நடையைக் கொஞ்சம் வேகப்படுத்துகிறார்.

ஜேட்டு மகனோடு சால்ட் லேக்கில் இருக்கிறார். சோழிச் சத்தம் கேட்ட அந்த வாரமே ஆபீஸ் விட்டு அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு கேட்டார்: "என்கிட்ட சொல்லிட்ட, சரி. மணி தலைகுனிஞ்சு நின்னது பேட்டை முழுக்கப் பார்க்கத்தானே?"

அந்தப் பேட்டைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, இருநூறு பேருக்கு மேல். அப்பாவும் உண்டு. படிக்கத் தெரியாவிட்டாலும் குரல் பதிவென்றால் ஒன்று விடாமல் கேட்பார். அதனால் நான் எழுதவில்லை. நேற்றுக் காலை, என் பெயரைச் சொல்லி, அன்றைக்குச் செயினைக் கழற்றி மாட்டியது நான்தான் என்று வங்காளத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் பேசிப் பதிவுசெய்து அனுப்பிவிட்டேன்.