முந்நூறு சட்டையில் ஓர் இடது கை

அவளை எல்லோரும் படக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் அவளைவிடப் பத்து வயது மூத்தவருக்கும் அவள் படக்காதான், பாட்டுக் குழுக்களில் மீசை சரியாக முளைக்காதவர்களுக்கும் படக்காதான். பாட்டுத் தொகுப்புகளுக்கு அட்டைப்படம், கச்சேரிக்குச் சுவரொட்டி, தெருவில் இளசுகள் தொளதொளவென்று போட்டுத் திரியும் டி-ஷர்ட்டுக்கும் ஹூடிக்கும் முன்பக்கப் படம் என்று பதினாறு வருஷமாக இந்தத் தொழில்தான். படங்கள் ஊரெல்லாம் நடமாடும். வரைந்தவள் மூன்றாம் மாடியில், படுக்கையறையை அலமாரி போட்டுத் தடுத்த மூலையில் உட்கார்ந்திருப்பாள். பேருந்தில் அவள் படத்தை மார்பில் மாட்டியவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாலும் வாய் திறக்க மாட்டாள். எந்தக் கோடு அச்சில் தடித்துவிட்டது என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

“இவன் ஏன் நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கான்?”

“பாடறவங்க இப்படி இருந்தாத்தான் சட்டை விக்கும்.”

“அப்ப நல்லா சாப்பிடறவன் பாட்டுப் பாடவே கூடாது?”

அந்த மாதம் வந்தது ஒரு நால்வர் குழுவின் வேலை. சனிக்கிழமைக் கச்சேரியில் விற்க, ஓர் உடை நிறுவனம் அவர்களுக்காக முந்நூறு டி-ஷர்ட் போடுகிறது. முன்பக்கம் கிட்டார் வாசிப்பவன் மட்டும், கண்ணை மூடியபடி. இது நல்லபடியாக முடிந்தால் அடுத்த சீசனின் பன்னிரண்டு படங்களும் அவளுக்கே என்று நிறுவனத்தின் மேலாளர் பெண் சொல்லியிருந்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு முழு சீசன் அவள் கைக்கு வந்ததே இல்லை.

கிட்டார்காரன் ஒரு நாள் நேரில் வந்து, ஜன்னலோரம் முக்காலியில் படத்துக்காக உட்கார்ந்து கொடுத்தான். இடது கைக்காரன். பள்ளியில் அந்தக் கைக்குத்தான் அடி. கிட்டார் வாங்கிய கடையிலும், “வலது கையில பழகிக்கோ தம்பி, ரெண்டே மாசம்” என்றார்களாம். சரி சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தந்திகளையெல்லாம் கழற்றி இடது கைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிக்கொண்டானாம்.

கிளம்பும்போது சொன்னான்: “என்ன வேணா பண்ணுங்க படக்கா. மூக்கைக்கூட நேராக்கிடுங்க, அம்மா சந்தோஷப்படுவாங்க. கையை மட்டும் மாத்திடாதீங்க.”

கணினியில் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்தால் கண் பழகிப்போய்க் கோணல் தெரியாது. ஒரு பொத்தானைத் தட்டி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் படத்தை இடம் வலமாகத் திருப்புவார்கள். ஒளிந்திருந்த கோணலெல்லாம் அப்போது எழுந்து நிற்கும். திருத்திவிட்டு மறுபடி திருப்பிவிடுவார்கள். அன்று திருப்பி வைத்து அவன் காதைத் திருத்திக்கொண்டிருந்தபோது, குழாய் பார்க்க ஆள் வந்து கதவைத் தட்டினார். அவரை அனுப்பிவிட்டு வந்தவள், குழுவின் பெயரை மேலே எழுதி அப்படியே அனுப்பிவிட்டாள். பெயர் நேராக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. “தூள் அக்கா!” என்று மேலாளர் பதில் போட்டாள்.

வியாழக்கிழமை காலை, அச்சகம் அனுப்பிய மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன்னால் பல் தேய்த்தாள். படம் நன்றாக வந்திருந்தது, வரைந்த மாதிரியே. கழற்றிக் கட்டிலில் போட்டபோதுதான் உறைத்தது. சட்டையில் இருந்தவன் வலது கையால் வாசித்துக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

அச்சகத்தில் அதற்குள் நூற்றுநாற்பது ஓடியிருந்தது.

“யார் கண்ணுல படப்போகுது படக்கா?” என்றார் அச்சுக்காரர். “எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியுது.”

“அவன் கண்ணுல படும்.”

“ஓட்டவா நிறுத்தவா, அதைச் சொல்லுங்க. மை காயுது.”

“நிறுத்துங்க.”

மேலாளரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மேலாளர் குரலைத் தாழ்த்தி, “அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டுமே. கச்சேரியில யாரு கையைப் பார்க்கப்போறாங்க?” என்றாள். படக்கா முடியாது என்றாள். அதைச் சொல்லும்போது தன் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. “சரி, மாத்திக்கோங்க. மிச்சம் இருக்கற நூத்தறுபதை வெச்சு சனிக்கிழமையை ஓட்டிக்கலாம். அடுத்த சீசனைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.” அந்த ‘அப்புறம்’ எப்படிப்பட்டது என்று புரியாத அளவுக்கு அவள் புதியவள் இல்லை.

திருத்திய படத்தை அனுப்பிவிட்டு, குழு ஒத்திகை பார்க்கும் அறைக்குப் போனாள். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். சட்டையை அவனிடம் நீட்டினாள்.

“நான் தப்புப் பண்ணிட்டேன்ப்பா. கையை மாத்திட்டேன்.”

அவன் சட்டையை விரித்து மடியில் போட்டுப் பார்த்தான். பிறகு கிட்டாரைத் திருப்பி, படத்தில் இருப்பவனைப் போலவே பிடித்து ஒரு மீட்டு மீட்டினான். தகர டப்பா படிக்கட்டில் உருண்ட மாதிரி ஒரு சத்தம்.

“டேய், சட்டையில இருக்கறவனை நம்ம குழுவுல சேர்க்காதடா,” என்றான் டிரம்ஸ்காரன்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “எத்தனை ஓடிருச்சு?”

“நூத்திநாப்பது.”

“அதை விக்காதீங்க.”

“விக்க மாட்டோம்.”

“பள்ளிக்கூடத்துல என் கையை மாத்தினவங்க ஒருத்தரும் தப்புன்னு வந்து சொல்லல படக்கா,” என்றான். அவள் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். அவனே எழுந்து, “நானும் வரேன், அச்சகம் எங்க இருக்கு?” என்று செருப்பை மாட்டினான்.

நாலு நிறத்துக்கு நாலு ஸ்கிரீன், மை இறங்கும் வலைச் சட்டங்கள். பழையதைக் கழுவி, புதுப் படத்தை ஏற்றி, காய வைத்து, ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி பொருத்துவதற்குள் மாலையாகிவிட்டது. கிட்டார்காரன் ஒரு மூலையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வீணான நூற்றுநாற்பதையும் உள்வெளியாகத் திருப்பி, இனி மை சோதிக்க ஆகும் என்று அச்சுக்காரர் அடுக்கிவைத்தார்.

முதல் சட்டை வந்து விழுந்தது. அவள் குனிந்து முதலில் கையைத்தான் பார்த்தாள். இடது. விரல்கள் தந்தியின்மேல், அவன் அன்று ஜன்னலோரம் வைத்திருந்த மாதிரியே. மூச்சை விட்டாள். அதற்குள் அவன் வந்து தன் இடது கையைப் படத்தின் கைமேல் வைத்துவிட்டான்.

“ஏய், ஏய்! காயலப்பா, தொடாதே!” என்று அச்சுக்காரர் கத்தினார்.

அவன் கையை எடுத்தான். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு மை. சட்டையில் விரல்கள் இழுபட்டு ஆறேழாகத் தெரிந்தன.

“நூத்திநாப்பத்தொண்ணு,” என்று சொல்லி, அச்சுக்காரர் அதையும் உருவி அந்த அடுக்கில் போட்டார்.