தேங்காய்த் தண்ணீரில் நழுவிய தேர்

1. தேர் மேட்டின் உச்சிக்கு வந்தது.
2. நேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் அங்கேயே, தேருக்கு முன்னால், தார்ச் சாலையில் தேங்காய்களைச் சிதற உடைத்தார்கள்.
3. தேர் இறக்கத்தில் இறங்கியது. முன்னால் நடந்தபடி, தேரைத் திருப்பும் கம்பியைப் பிடித்திருந்த என் அண்ணன் பிரேக்கை இழுத்தார்.
4. நான்கு சக்கரங்களும் நின்றன.
5. தேர் நிற்கவில்லை.

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இயந்திரம் பழுதானால், நடந்ததை வரிசையாக எழுதுவதுதான் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையும் எனக்குள் இப்படியே பதிந்திருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்குப் புந்தோங்கிலிருந்தும் லூமுட்டிலிருந்தும்கூடப் பழைய குடும்பங்கள் வந்துவிடும். முன்பெல்லாம் தேர் வரும்போது ஒவ்வொரு வீடும் தன் வாசலில் தேங்காய் உடைக்கும். வாசல்கள் போனபின், லயங்கள் இருந்த மேட்டிலேயே எல்லோரும் சேர்ந்து உடைப்பது வழக்கமாயிற்று. கீழே இறக்கம் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

தேர் பழைய லாரி அச்சில் செய்தது. லாரிப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் அந்த வருடம் அதற்குப் புது பிரேக் மாட்டியிருந்தார். பின்னால் தேரை இழுத்துப் பிடிக்கும் கயிற்றில் நின்ற ஒருவர், கிளம்பும்போது அவரைக் கேட்டார்: “என்ன மச்சான், பிரேக் புடிக்குமா, இல்ல சாமிதான் புடிக்கணுமா?”

“லாரியே நிக்குது லா, தேரு என்ன!” என்றார் அண்ணன்.

பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் டயருக்குக் கீழே தேங்காய்த் தண்ணீரும் நசுங்கிய தேங்காயும் இருந்தன. ரப்பர் விளைந்த மண்ணில் ரப்பர் டயர் வழுக்கியது. வெறுங்காலோடு கயிறு பிடித்திருந்த ஆண்களும் வழுக்கிக்கொண்டே வந்தார்கள். இறக்கத்தின் அடியில் ஜெனரேட்டர் லாரியும் அதைச் சுற்றிக் கூட்டமும் நின்றிருந்தன. தேருக்கும் லாரிக்கும் நடுவில் அண்ணன். கம்பியை விட்டு ஓடினால் அவர் தப்பிக்கலாம். தேர் கூட்டத்துக்குள் போகும். அவர் கம்பியை இடது பக்கம் முழுக்கத் திருப்பியிருந்தார். தேர் நேராகவே போனது.

நின்றுவிட்ட சக்கரம் வழுக்கும்போது அதற்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் போகிற பக்கமே போகும். உருளுகிற சக்கரம்தான் சாலையைப் பற்றிக்கொண்டு திரும்பும். இதையெல்லாம் சொல்ல அங்கே நேரமில்லை.

“அண்ணே, பிரேக்க விடு!” என்று சாலையோரத்திலிருந்து கத்தினேன்.

“பைத்தியமா லா இவளுக்கு? தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க!” என்று கயிற்றிலிருந்து ஒரு குரல்.

“விட்டாத்தான்ணே திரும்பும்! புல்லுப் பக்கம் ஒடிச்சுக்க!”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு விட்டார்.

தேர் இன்னும் வேகமாக முன்னால் வந்தது. பிறகு சக்கரங்கள் உருண்டன, திரும்பின, சாலையோரப் புல்லில் ஏறின. அண்ணன் மறுபடி பிரேக்கை இழுத்தார். அதே நேரத்தில், தேர் பார்க்கச் சமையல் கொட்டகையிலிருந்து வந்திருந்த பெண்கள் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு ஓடினார்கள்.

“தண்ணியில நின்னுக்கிட்டு என்னத்த இழுக்கிறீங்க? இங்க வாங்க லா!” என்று ஓர் அக்கா ஆண்களை அதட்டினார். குதிகால்களை மண்ணில் பதித்து எல்லோரும் பின்னுக்குச் சாய்ந்தார்கள். தேர் மண்மேட்டில் முட்டி, சற்றுச் சாய்ந்து நின்றது. மேலே பூசாரி சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான்.

மதியம் அன்னதானத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: “ஏண்ணே, ஒரு கேள்வியும் கேக்காம விட்ட?”

“நீ கத்தி நான் பார்த்ததே இல்ல. சரி, ஏதோ இருக்குன்னு விட்டேன்” என்றார், ரசத்தைச் சோற்றில் ஊற்றியபடி.

பாயச வாளியோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். கயிற்றில் கேட்ட அதே குரல். “தங்கச்சி, தஞ்சோங் ரம்புத்தான் வேன திருப்பி அனுப்பிட்டேன். சாப்பிடு.” இரண்டு கரண்டி ஊற்றினார்.

சக்கரம் சாலையைப் பற்றுவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். கையிலிருந்த ஒரே பிடிமானத்தை என் ஒரு சொல்லுக்காக அண்ணன் விட்டதற்கு எந்தப் பாடத்திலும் சூத்திரம் படிக்கவில்லை. அவருக்கும், புல்லுக்கு ஓடிய அந்தப் பெண்களுக்கும் நான் நன்றி சொன்னதுண்டு. போதுமான அளவு சொன்னதாகத் தோன்றவில்லை.

இப்போது தேங்காய்களை இறக்கத்துக்குக் கீழே, சமதளத்தில், தேர் வந்து நின்றபின் உடைக்கிறோம். ஜெனரேட்டர் லாரி தேருக்குப் பின்னால் வருகிறது. பிரேக் அதேதான். கம்பியை அண்ணன்தான் பிடிக்கிறார். நான் புல்லோரமாக அவருக்குப் பக்கத்திலேயே நடக்கிறேன்.